சோலைக்கிளி பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: சார், நீலகிரி சோலைக்கிளி படத்தைப் பார்த்தேன். கிளி மாதிரியே இல்லையே?

கிளியே இல்லை. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. நம் கிளியை அங்கே தத்த என்பார்கள். இது சிட்டுக்குருவி அளவுதான். மேலே சாம்பல் கலந்த நீலம், வயிற்றில் செம்பழுப்பு. சோலைக்குள், அதாவது குளிர்ந்த மலைக்காட்டுக்குள், புதரடியில் பூச்சி தேடித் திரியும்.

கேள்வி: பழைய புத்தகங்களில் வேறு அறிவியல் பெயர் இருக்கிறதே, எது சரி?

புதியதுதான் சரி. 1844இல் பறவை ஆய்வாளர் ஜெர்டன் இதை விவரித்தார். கால் நீளம், இறக்கை குட்டை, நடமாட்டம் தரையோடு. அதனால் இதே சாயலுள்ள ஆசியப் பறவைகளோடு பிராக்கிப்டெரிக்ஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2005இல் மியோமேலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் மரபணுவைப் பார்த்தபோது இரண்டுமே பொருந்தவில்லை. நெருங்கிய சொந்தம் நீல ஈப்பிடிப்பான்கள்! கிளையில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கிற கூட்டத்தின் உறவு, சோலைத் தரையில் வாழ்ந்து வேறு உருவம் எடுத்திருக்கிறது. 2017இல் ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் கிடைத்தது. சோலை நம் சொல். கோலா லத்தீனில் வசிப்பது. எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

கேள்வி: கொடைக்கானலில் பார்த்ததற்கு வயிறு வெள்ளை, செம்பழுப்பே இல்லை. பெண் பறவையா அண்ணா?

இல்லைம்மா, வேறு இனம்: வெண்வயிற்றுச் சோலைக்கிளி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. குளிர்ந்த மலைச் சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அந்தத் தாழ்வான வெயில் நிலம் கடல் மாதிரி. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று எனப் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்துவிட்டன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதையும் தனி இனமாக ராபின் குழுவின் அதே ஆய்வு முன்வைத்தது.

கேள்வி: பெயரை மாற்றுவதால் பறவைக்கு என்ன லாபம்?

நிறைய. பழைய பேரினத்தில் இருந்தவரை இமயம் முதல் இந்தோனேசியா வரை இதற்கு உறவு இருப்பதாக எண்ணினோம். இப்போது தெரிகிறது, இந்தப் பேரினமே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான். நீலகிரியில் சோலையும் புல்வெளியும் தேயிலை, சீகை மரம், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்று மாறிப்போனது. நீலகிரி இனம் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது. சோலை போனால் இது ஒதுங்க வேறு இடம் கிடையாது.

கேள்வி: ஊட்டிப் பக்கம் எப்படிப் பார்ப்பது?

விடியற்காலையில் சோலை ஓரம் சத்தமில்லாமல் உட்காருங்கள். மொபைலில் அதன் குரலை ஒலிக்கவிடவே வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும்.