பெண் உறுப்புச் சிதைப்பு ஒரு பண்பாட்டு வழக்கம்தானே, அதில் மற்றவர்கள் ஏன் தலையிட வேண்டும்?

பண்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பண்பாடு என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடுமா?

நான் இலங்கையின் கிழக்கில் வளர்ந்த முஸ்லிம் பெண். பெண் பிள்ளையின் பிறப்புறுப்பைக் கீறும் அல்லது வெட்டும் இந்த வழக்கத்தை நாங்கள் கத்னா என்போம். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளையொட்டி இதைச் செய்யும் பெண்ணான ஒஸ்தா மாமி வீட்டுக்கு வருவார். ஆண்கள் வெளியே போய்விடுவார்கள். அறைக்குள் உம்மாவும் உம்மம்மாவும் பிள்ளையும்தான். ஒரு புது பிளேடு, கொஞ்சம் பஞ்சு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். என்ன செய்தார்கள் என்பது வாப்பாவுக்கே தெரியாது.

என் மகளுக்கு வேண்டாம் என்றபோது உம்மா கோபப்படவில்லை, பயந்தார். "கத்னா செய்யாத பிள்ளை எண்டு சனம் பேசுமே மகள்" என்றார். இந்த வழக்கத்தை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பயம்தான். குர்ஆனில் இது இல்லை. மொரோக்கோ, துருக்கி முஸ்லிம்களிடம் இந்த வழக்கம் இல்லை. எகிப்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும் செய்து வந்திருக்கின்றன.

"எங்கட சின்னக் கீறல்தானே, ஆபிரிக்கா மாதிரி இல்லையே" என்பார்கள். சோமாலியாவில் தைத்து மூடுவதும் இதுவும் ஒன்று என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கீறுவதையும் குத்துவதையும்கூட உலக சுகாதார நிறுவனம் இந்தச் சிதைப்பில்தான் சேர்த்திருக்கிறது. நாற்பது நாள் பிள்ளையின் அந்த உறுப்பு எவ்வளவு சிறியது! அதுவும் பிள்ளை காலை உதைத்து நெளியும்போது, பிளேடு எந்த அளவில் நிற்கும் என்று எந்த மாமியால் உறுதி சொல்ல முடியும்?

செனகலில் நடந்ததை அவசியம் சொல்ல வேண்டும். 1997இல் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், இனி வெட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் கொதித்தன. கேர் சிம்பாரா ஊர் இமாம் டெம்பா டியவாரா ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார்: பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் எல்லாம் சேர்ந்து விட்டால்தான் உண்டு, ஒரு ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்ணை யார் கட்டுவார்கள்? சொந்தக்காரர்களின் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1998இல் 13 ஊர்கள் ஒன்றாக அறிவித்தன. மறு வருடம் இதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அங்கே இன்னும் முழுசாக ஒழியவில்லைதான், ஆனால் அதன்பின் ஆயிரக்கணக்கான ஊர்கள் அதே வழியில் வந்தன.

ஆகவே தலையிடத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத பிள்ளையின் உடம்பு அது. ஆனால் எங்கள் தாய்மாரைக் காட்டுமிராண்டிகள் என்று திட்டிக்கொண்டு வந்தால் கதவு சாத்தப்படும், மாமி பின்வாசலால் வருவார்.

எங்கள் பெண்கள் சிலர் 2017இல் பாராளுமன்றக் குழுவிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்கு வரும் ஒஸ்தா மாமியை அது கட்டுப்படுத்தாது. அதற்குச் சட்டம் வேண்டும். அதோடு, ஜும்ஆ பிரசங்கத்தில் ஒரு மௌலவியாவது எழுந்து இது கடமையில்லை என்று சொல்ல வேண்டும். என் உம்மா அவர் சொன்னால் கேட்பார்.