சேரிங் கிராஸ்ல நில்லுங்க, அங்கிருந்து நடக்கலாம்

இந்த தடவை வந்த கேள்வியில பாதி ஊட்டிய பத்திதான், சீசன் வருதுல்ல. நான் ஊட்டிக்காரன், பன்னெண்டு வருஷமா ஆளுங்கள கூட்டிட்டு நடந்தே ஊர சுத்திக் காட்டுறவன், அதனால எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. சரி, வாங்க.

மதுரை வாசகி: அண்ணா, போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல இறங்குன உடனே "பத்து ஸ்பாட், ஒரே ரேட்"னு ஒருத்தர் கூட்டிட்டு போனாரு. பத்துல ஆறு இடம் கடை. லோக்கல் கைடு வெச்சா மட்டும் இது மாறிடுமா?

உங்கள கூட்டிட்டு போனவர் டிரைவர்மா, கைடு இல்ல. ரெண்டும் வேற வேற வேலை. டிரைவர தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கு டீசல், வண்டி டியூ, சீசன்ல ரெண்டு மாசம்தான் வருமானம், சாக்லேட் கடையில, தைலக்கடையில இறக்கி விட்டா கமிஷன் வரும், அதுல ஓடுது பொழப்பு. கைடுலயும் அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க, மறைக்க ஒண்ணும் இல்ல. அதனால ஃபோன்லயே மூணு விஷயம் கேட்டுருங்க. கடைக்கு கூட்டிட்டு போவீங்களா, எவ்ளோ தூரம் நடை, மழை வந்தா என்ன பண்ணுவீங்க. மூணாவது கேள்விக்கு டக்குனு பதில் வந்துச்சுன்னா ஆளு உள்ளூர்தான். "மழையெல்லாம் வராது மேடம்"னு சொன்னா வெச்சிருங்க ஃபோன. எங்க ஊர்ல மழை வராதுன்னு எங்க பாட்டி கூட சொன்னதில்ல.

இன்னொண்ணு, ரெண்டு நாள் தங்குனா ரெண்டு நாளுக்கும் கைடு வேண்டாம். மொத நாள் காலையில அரை நாள் போதும், ஊர் பிடிபட்டுரும், மிச்சத்த நீங்களே சுத்திக்கலாம்.

திருப்பூர் வாசகர்: அரை நாள் நடக்குற அளவுக்கு ஊட்டி டவுன்ல என்ன இருக்கு? லேக், கார்டன், தொட்டபெட்டா, அவ்ளோதானே?

இந்த கேள்விய கேட்டாலே எனக்கு கொஞ்சம் சூடாகும், சரி விடுங்க. நான் காலையில ஏழரைக்கு சேரிங் கிராஸ்ல ஆடம் ஃபவுண்டன் பக்கத்துல நிக்க சொல்லுவேன், அந்த நேரத்துல டிராஃபிக் இருக்காது. அங்கிருந்து மேல ஏறுனா செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829ல அடிக்கல் போட்டாங்க. உள்ள போனதும் எல்லாரும் கலர் கண்ணாடியதான் பாப்பாங்க, நான் நிமிந்து கூரைய பாருங்கன்னு சொல்லுவேன். அந்த பெரிய மர உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைய பிரிச்சு கொண்டு வந்தது. திப்பு செத்தது 1799, முப்பது வருஷ சொச்சத்துல அவரு வீட்டு மரம் வெள்ளைக்காரன் கோயில தாங்கிட்டு நிக்குது, இத சொன்னா சின்ன பசங்க கூட ஒரு நிமிஷம் அமைதியாயிருவாங்க.

பின்னாடி கல்லறைத் தோட்டம். ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டர், ஊட்டிய உருவாக்குன ஆளு, அவரோட மனைவியும் மகளும் அங்கதான் இருக்காங்க. அவர் கட்டுன ஸ்டோன் ஹவுஸ் இப்போ கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ் வளாகத்துக்குள்ள இருக்கு. லேக் கூட அவர் வெட்டுனதுதான், 1824ல. இயற்கை ஏரின்னு நெனச்சு போட்டோ எடுத்துட்டு போறவங்கதான் நெறைய பேரு.

சர்ச்ல இருந்து கீழ இறங்குற வழியில நீலகிரி லைப்ரரி, 1859ல ஆரம்பிச்சது, மெம்பர்ஸுக்கான லைப்ரரி அது, வெளிய நின்னு கட்டடத்த பாத்தாலே போதும். அப்புறம் கமர்சியல் ரோடு, அதுக்கும் கீழ மார்க்கெட். என்ன கேட்டா மார்க்கெட்டுதான் ஊட்டி. கேரட், பீட்ரூட், நூக்கோல், டர்னிப், மண்ணோட உருளைக்கிழங்கு, மூட்டை தூக்குறவங்க "ஓரம் ஓரம்"னு கத்திட்டு வருவாங்க, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்க படுகர் ஆளுங்க பேசுற படுகு, நடுவுல மலையாளம், கன்னடம். இங்க விளையுற காய் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி அங்கிருந்துதான் உங்க திருப்பூருக்கே வருது, நீங்க சாம்பார்ல போடுற கேரட் எந்த வழியா வருதுன்னு இங்க நின்னா புரியும். கடைசியா ஒரு டீ, ரெண்டு வர்க்கி, எங்க ஊரு மொறுமொறு பிஸ்கட். விறகு அடுப்புல சுட்ட வர்க்கி கேட்டு வாங்குங்க, டீயில முக்குனா ஒரு செகண்ட்தான், அதுக்கு மேல விட்டா கிளாஸுக்கு அடியில போயிரும்.

மொத மொத ஒரு குடும்பத்த கூட்டிட்டு போனப்போ இதுல பாதிய கூட காட்டல. சர்ச் வாசல்லயே நாப்பது நிமிஷம் வருஷம் வருஷமா ஒப்பிச்சிட்டு நின்னேன், ஒரு பாட்டிம்மா கைய பிடிச்சு "தம்பி, பாத்ரூம் எங்கப்பா இருக்கு"ன்னு கேட்டாங்க. எனக்கு தெரியல. அன்னைக்கு சாயங்காலமே ஊர் பூரா நடந்து எது சுத்தம், எது பூட்டி கெடக்கும்னு பாத்து வெச்சேன். இப்ப வரைக்கும் என் தொழில்ல பெரிய அறிவு அதுதான்.

கூடலூர் வாசகர்: இருபது வருஷமா இங்கயே இருக்கோம், மாசம் ஒருக்கா ஊட்டி வர்றோம். எங்களுக்கும் கைடு தேவையா ப்ரோ?

தேவையில்ல ப்ரோ, ஆனா ஒண்ணு கேக்குறேன். ஸ்னூக்கர் விளையாட்டோட ரூல்ஸ் 1882ல ஊட்டி கிளப்லதான் எழுதி மாட்டுனாங்கன்னு தெரியுமா? நெவில் சேம்பர்லின்னு ஒரு ராணுவ ஆபீசர், ஜபல்பூர்ல 1875ல விளையாட ஆரம்பிச்சது. பின்னாடி இங்கிலாந்து பிரதமரா வந்த ஆளு வேற, பேரு மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. கிளப்புக்குள்ள நம்மள விடமாட்டாங்க, ரோட்டுல நின்னு சொல்லிக்க வேண்டியதுதான்.

சென்னை வாசகி: தோடர் மந்து, அதான் தோடர் பழங்குடி குடியிருப்பு, பாக்கணும்னு என் பொண்ணுக்கு ஆசை, ஸ்கூல் ப்ராஜெக்ட். கைடு இல்லாம போகலாமா?

பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல மஞ்சக்கல் மந்து இருக்கு, கார்டன் வழியா ஏறியே போயிரலாம், கைடு கட்டாயம் இல்ல. ஆனா அது மியூசியம் இல்லம்மா, ஆளுங்க குடியிருக்குற இடம். துணி காயும், குழந்த அழும், யாரோ டிவி பாத்துட்டு இருப்பாங்க. அரைவட்ட கூரையோட சின்ன வாசல் வெச்ச கோயில் இருக்கும், கிட்ட போகாதீங்க, தொடாதீங்க, தூரமா நின்னு பாத்துக்கோங்க. போட்டோ எடுக்கணும்னா வாயத் தெறந்து கேளுங்க, வேண்டாம்னா விட்ருங்க. வெள்ளைத் துணியில செவப்பும் கருப்புமா அவங்க போடுற எம்பிராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, வாங்குறதா இருந்தா போடுறவங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேசாம. ஒரு சால்வைக்கு வாரக்கணக்குல உக்காந்து நூல எண்ணி எண்ணி போடுறாங்க. தோடர் வீட்டுப் பையன் யாராவது கைடா கெடச்சா என்ன விட்டுட்டு அவர கூட்டிக்கோங்க, நான் சொல்றது கேள்விப்பட்டது, அவர் சொல்றது அவர் வீட்டுக் கதை.

தஞ்சாவூர் வாசகர்: தம்பி, எனக்கு அறுபத்தெட்டு, மனைவிக்கு முழங்கால் வலி. நடக்கச் சொல்றீங்களே, நாங்க என்ன பண்றது?

ஐயா, உங்களுக்கு ரயில்தான் கைடு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 16 குகை, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. அந்த டிக்கெட் சீசன்ல லேசுல கெடைக்காது. கெடைக்கலன்னா கவலப்படாதீங்க, குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு வர்ற வண்டியில ஏறிக்கோங்க, ஒரு மணி நேர சொச்சம்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஸ்டேஷன் வரும், கேத்தி பள்ளத்தாக்கு ஜன்னல்லயே தெரியும். கீழ குன்னூர் வரைக்கும் பல் சக்கரத்துல ஸ்டீம் எஞ்சின் தள்ளும், இந்தப் பக்கம் டீசல் எஞ்சின், புகை இல்லையேன்னு பேரன் அழுதா நான் பொறுப்பில்ல. ஊட்டி ஸ்டேஷன்ல இறங்குனதும் கைடயும் ஒரு ஆட்டோவையும் சேத்து வரச்சொல்லுங்க, சர்ச், கார்டன் ரெண்டு இடம் போதும். கார்டன்ல மேல ஏற வேண்டாம், கீழ புல்வெளியில அம்மாவ உக்கார வெச்சிட்டு, ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரம் கல்லா மாறிக் கெடக்கு, அத மட்டும் பாத்துட்டு வாங்க.

ஈரோடு காலேஜ் மாணவர்: நண்பருக்கு தெரிஞ்ச லோக்கல் பையன் ஒருத்தன் பர்மிஷன் இல்லாம காட்டுக்குள்ள கூட்டிட்டு போறேங்குறான். போலாமா?

போகாதீங்க. அவன் கைடு இல்ல. வனத்துறை மூலமா ஆன்லைன்ல புக் பண்ணி போற ட்ரெக் ரூட் இருக்கு, உள்ளூர் ஆளுங்களே பயிற்சி எடுத்து கூட வர்றாங்க, அதுல போங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல பிடிச்சா ஃபைன் கட்டி வந்துரலாம், யானை பிடிச்சா அதுக்கு ரசீது கெடையாது.

கரூர் வாசகி: கைடுக்கு எவ்ளோ குடுக்கணும்? சாப்பாடு நாங்கதான் வாங்கித் தரணுமா?

ரேட்ட கெளம்புறதுக்கு முன்னாடியே பேசிருங்க, தலைக்கா, குரூப்புக்கான்னு கேட்டுக்கோங்க, நுழைவுக் கட்டணம் யாரு கட்டுறதுன்னும். சொந்த வண்டியில வந்தா நீலகிரிக்குள்ள நுழையுற இ-பாஸ் நீங்கதான் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து இருக்கு, கவர்மெண்ட் பஸ்ல வந்தா அந்த தொல்லை இல்ல. சாப்பாடு கட்டாயம் இல்லக்கா. ஆனா நாலு மணி நேரம் தொண்ட கிழிய பேசுன ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டோம், வர்க்கி நாங்களே வாங்கிக்குறோம்.