வேலையை விடுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஜெர்மனிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் ஒரு நல்ல கம்பெனியில் கிராஃபிக் டிசைனராக இருக்கிறாள், சம்பளம் ஒழுங்காக வருகிறது, இப்போது திடீரென்று "வேலையை விட்டுவிட்டுத் தனியாகச் செய்யப் போகிறேன், ஆனால் இங்கேயேதான் இருப்பேன்" என்கிறாள், அவளுக்கு எப்படிப் புத்தி சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் புத்தி சொல்வதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவளிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. முதல் கேள்விக்குச் சரியான பதில் வந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

அங்கே வெளிநாட்டவர் அலுவலகம் குடியிருப்பு அட்டையோடு சேர்த்து ஒரு கூடுதல் தாளும் கொடுக்கும். என்ன வேலை செய்யலாம், சுயதொழில் செய்யலாமா கூடாதா என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். சம்பள வேலைக்காக அனுமதி வாங்கியவர்கள் பலருடைய தாளில் "சுயதொழிலுக்கு அனுமதியில்லை" என்று ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வரி அச்சாகியிருக்கும். வாங்கிய அன்று மடித்து ஃபைலில் வைத்ததோடு சரி, பலர் அதைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. உங்கள் மகளிடம் அந்தத் தாளை எடுத்து, போனில் உங்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ப்ளூ கார்டு ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்வதற்காகக் கொடுப்பது. வேலையை ராஜினாமா செய்தால் அங்கே தங்குவதற்கான அடிப்படையே ஆட்டம் காணும். அவள் எவ்வளவு திறமைசாலி என்பதோ, கையில் எத்தனை க்ளையன்ட் இருக்கிறார்கள் என்பதோ அப்புறம் வருகிற பேச்சு. நிரந்தரக் குடியிருப்பு, அதாவது அங்கே நம்மவர்கள் பி.ஆர். என்று சொல்வது, கையில் இருந்தால் கதையே வேறு. எந்த வேலையும் செய்யலாம், சுயதொழிலும் செய்யலாம், யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டாம். ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து ஓய்வூதியக் காப்பீடும் கட்டி, அடிப்படை ஜெர்மனும் தெரிந்திருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறியிருந்தால் 21 மாதமே போதும். உங்கள் மகளுக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. ஒன்று, ஏற்கெனவே வாங்கியிருப்பாள்; இல்லையென்றால், வாங்கத் தகுதி இருந்தும் அலட்சியமாக விட்டிருப்பாள். இரண்டாவதுதான் நிலைமை என்றால் என் கருத்தில் சந்தேகமே இல்லை: பி.ஆர். கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இதில்தான் சிக்கினார். பி.ஆருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, விண்ணப்பிக்க நேரம் ஒதுக்கியிருந்ததும் இரண்டு மாதம் கழித்துத்தான், அதற்குள் பொறுமை போய் வேலையை விட்டுவிட்டார். சம்பள வேலையே இல்லாதபோது அந்த வழி அடைபட்டது. பிறகு குடியிருப்புச் சட்டம் 21-ஆம் பிரிவின்கீழ் ஃப்ரீலான்ஸ் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. க்ளையன்ட்களிடம் "இவருக்கு வேலை கொடுக்க விரும்புகிறோம்" என்று கடிதம் வாங்கி, வருமானக் கணிப்பு போட்டு, காப்பீட்டுச் சான்று சேர்த்து, கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த எட்டு மாதம் அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இத்தனையும் வேண்டியிருக்காது.

பி.ஆர். வர நாளாகும், ஆனால் தொழிலை இப்போதே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் நினைத்தால் அதற்கும் வழி உண்டு. அதே 21-ஆம் பிரிவில், வேலைக்கான அனுமதியை வைத்துக்கொண்டே பக்கத்தில் சுயதொழில் செய்யவும் அனுமதி கேட்க இடம் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் அலுவலகத்தின் முடிவு. கம்பெனியின் வேலை ஒப்பந்தத்தில் பக்க வேலை பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மாதம் ஒரு க்ளையன்ட் என்று ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தவளுக்குத் தெரிகிற விஷயம், எத்தனை கோர்ஸ் படித்தாலும் தெரியாது.

சரி, அடுத்தது காப்பீடு. அவளுடைய சம்பளச் சீட்டில் கையில் வருகிற தொகையைத்தான் இதுவரை பார்த்திருப்பாள். இனி மேலே இருக்கும் பிடித்தங்களைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டின் பொது விகிதம் 14.6 சதவீதம், அதன்மேல் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் போடும் கூடுதல் விகிதம் தனி. இதில் பாதியைக் கம்பெனி கட்டிவந்தது. தனியாக வந்தால் முழுவதும் தன் கையிலிருந்து போகும். இந்த இடத்தில் பலர் தனியார் காப்பீடு மலிவு என்று தாவிவிடுகிறார்கள். இளம் வயதில் மலிவுதான், ஆனால் பிறகு அரசுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கஷ்டம், 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய முடியாது. அங்கேயே வயதாகப் போகிறவள் அந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஆனால் உங்கள் மகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, இதைக் கட்டாயம் அவளிடம் சொல்லுங்கள். கலைஞர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் என்றே ஜெர்மனியில் ஒரு சமூகக் காப்பீடு 1983 முதல் நடக்கிறது, கே.எஸ்.கே. என்பார்கள். அதில் சேர்ந்தால் மருத்துவம், முதியோர் பராமரிப்பு, ஓய்வூதியம் மூன்றுக்கும் அவள் பாதிதான் கட்டுவாள், மீதிப் பாதி படைப்புகளை வாங்கும் நிறுவனங்களின் பங்களிப்பிலிருந்தும் அரசிடமிருந்தும் வரும். கிராஃபிக் டிசைனர்கள் இதில் சேரலாம். ஆண்டு வருமானம் 3,900 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும், தொழில் தொடங்குபவர்களுக்கு முதல் மூன்று ஆண்டு அந்தக் கட்டாயமும் கிடையாது. உள்ளே வர ஒப்பந்தம், இன்வாய்ஸ், செய்த வேலையின் மாதிரி எல்லாம் கேட்பார்கள், பதில் வர மாதங்கள் ஆகலாம். அதனால் வேலையை விட்ட பிறகு தேடிக்கொண்டிருக்காமல் முன்பே படிவத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேலையில்லாக் காலத்துக்கான காப்பீட்டிலும் ஒரு கெடு இருக்கிறது. சுயதொழில் தொடங்கி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால், தானே பணம் கட்டி அந்தக் காப்பீட்டில் தொடரலாம். முந்தைய 30 மாதத்தில் 12 மாதமாவது அதில் இருந்திருக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் கதவு மூடிவிடும். இன்னொன்று, வேலையில்லாதவர் தொழில் தொடங்க அரசு ஆறு மாதம் வேலையில்லாப் படி அளவு தொகையோடு மாதம் 300 யூரோ சேர்த்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதை நம்பி வேலையை விட வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை, தானாக ராஜினாமா செய்தவருக்கு வேலையில்லாப் படியே பொதுவாக 12 வாரம் நிறுத்தி வைக்கப்படும்.

வரி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு, ஏனென்றால் திறமையுள்ளவர்கள் விழுவது இங்கேதான். தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்துக்கு ஆன்லைனில் பதிவுப் படிவம் அனுப்ப வேண்டும். அவள் செய்வது சுதந்திரத் தொழிலா வணிகமா என்பதை வரி அலுவலகம் பார்க்கும்; படைப்பாக இருந்தால் முதல் வகை, சொன்னதை அப்படியே செய்துகொடுக்கும் வேலை என்றால் இரண்டாம் வகைக்குத் தள்ளலாம். வணிகம் என்றானால் ஆண்டு லாபம் 24,500 யூரோவைத் தாண்டும்போது வணிக வரியும் உண்டு. முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோவுக்குள் இருந்தால் சிறு தொழில் சலுகையில் விற்பனை வரி போடாமல் இன்வாய்ஸ் எழுதலாம். இதெல்லாம் ஒரு வரி ஆலோசகர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஆபத்து இரண்டாம் வருஷத்தில் இருக்கிறது. பதிவுப் படிவத்தில் வருமானத்தைக் குறைத்துப் போட்டால் முதல் வருஷம் முன்வரி, அதாவது முன்கூட்டியே தவணையில் கட்டும் வரி, எதுவும் கேட்க மாட்டார்கள், கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே போகும், நன்றாகப் போகிறது என்ற நினைப்பு வந்துவிடும். கணக்குத் தாக்கல் செய்ததும் ஒரு கடிதம் வரும்: போன வருஷத்து வரி முழுவதும், கூடவே இந்த வருஷத்துக்கான முன்வரியும். அதன் பிறகு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நாலு மாதத்திலும் 10-ஆம் தேதி கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் கடிதம் வந்த வாரமே கேமராவை விற்றார். முதல் இன்வாய்ஸ் பணம் வந்த அன்றே வரிக்கென்று வேறொரு வங்கிக் கணக்கு திறந்து, வருகிற ஒவ்வொரு தொகையிலும் மூன்றில் ஒரு பங்கை அங்கே தள்ளிவிடச் சொல்லுங்கள். மிஞ்சினால் அவளுக்குத்தானே.

அடுத்து, அவள் மனதில் "பழைய கம்பெனியே எனக்கு வேலை கொடுக்கும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கும். அது நல்ல தொடக்கம், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. ஒருவர் தன் இன்வாய்ஸ் ஃபைலை என்னிடம் காட்டினார், பதினொன்றில் ஒன்பது ஒரே கம்பெனிக்கு. காலையில் அவர்களுடைய மீட்டிங்கில் உட்காருகிறார், அவர்கள் கொடுத்த லேப்டாப், விடுமுறைக்கு அவர்களிடமே சொல்லிவிட்டுப் போகிறார். பெயர்தான் சுயதொழில். ஜெர்மனியில் இதைப் போலிச் சுயதொழில் என்கிறார்கள். ஒருவர் உத்தரவுப்படி, அவர்களுடைய வேலை அமைப்புக்குள் இருந்து செய்தால் அது சம்பள வேலைதான் என்று ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்துவிட்டால், கம்பெனி பழைய காப்பீட்டுச் சந்தாவை எல்லாம் கட்ட நேரிடும். அப்படி ஒரு அடி வாங்கிய கம்பெனி மறுபடி வேலை கொடுக்குமா? வேலையை விடும்போதே வேறு இரண்டு க்ளையன்ட்களாவது பணம் கொடுத்து முடித்திருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கிற க்ளையன்ட் கணக்கில் வராது.

இன்வாய்ஸையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபைலைக் காட்டிய அதே நபருக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஏழு வாரம் பணம் வரவில்லை. வெட்கப்பட்டுக் கேட்காமலே இருந்தார். கடைசியில் பார்த்தால் இன்வாய்ஸில் வரிசை எண் இல்லை, வேலை முடித்துக் கொடுத்த தேதியும் இல்லை, அவர்களுடைய கணக்குப் பிரிவு அதைத் தொடாமல் ஓரமாக வைத்திருந்தது, சொல்லவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராவிட்டால், இன்வாய்ஸ் கிடைத்து கெடு வந்ததிலிருந்து 30 நாள் தாண்டியதும் வட்டி கேட்கலாம், 40 யூரோ இழப்பீடும் கேட்கலாம். நினைவூட்டல் கடிதம் அனுப்புவது அங்கே சண்டை இல்லை, அன்றாட வழக்கம். நம் பிள்ளைகளுக்குப் பணம் கேட்கக் கூச்சம் அதிகம். அந்தக் கூச்சம் போக வேண்டும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாக வேலை செய்கிற முதல் வருஷம் வீட்டுக்குள்ளேயே நாள் போய்விடும், பேச ஆள் இருக்காது. அப்போது அம்மா போன் செய்து "இந்த மாசம் எவ்வளவு வந்தது?" என்று கேட்டால், வராத மாதத்தில் அவள் போனை எடுக்க மாட்டாள். அதற்குப் பதிலாக "என்ன வேலை வரைந்துகொண்டிருக்கிறாய், காட்டு" என்று கேளுங்கள். அவளே மற்றதையும் சொல்வாள்.

இப்போதைக்கு அந்தத் தாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது படிக்கச் சொல்லுங்கள், பி.ஆர். இருக்கிறதா, இல்லையென்றால் ப்ளூ கார்டில் எத்தனை மாதம், மொழித்தேர்வு எதுவரை முடித்திருக்கிறாள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். ராஜினாமாவுக்கு எந்த மாதம் சரியாக இருக்கும் என்று அதை வைத்துப் பார்க்கலாம்.