வாட்டர்ஸா, கில்மரா?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டிலிருந்து பாஸ் கிடாரும் பாட்டும் எழுத்துமாக இருந்த ரோஜர் வாட்டர்ஸ் விலகியபின், கிடார் வாசிக்கும் டேவிட் கில்மர் நடத்திய குழுவை பிங்க் ஃப்ளாய்ட் என்று சொல்லலாமா? 2005இல் பழைய ஆட்கள் மறுபடி ஒரே மேடையில் ஏறியதுகூடக் காசுக்காகத்தானே?

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். காசுக்காக இல்லை. அது லண்டன் ஹைட் பார்க்கில் ஜூலை 2 அன்று நடந்த லைவ் 8 என்ற இசை நிகழ்ச்சி, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பாடகர் பாப் கெல்டாஃப் நடத்தியது, வாசித்தவர்களுக்குச் சம்பளமே கிடையாது. அதை ஒட்டிப் பழைய ஆல்பங்களின் விற்பனை எகிறியபோது, அந்த லாபத்தை நற்பணிகளுக்குக் கொடுத்துவிடுவதாக டேவிட் கில்மர் அறிவித்தார். உலகச் சுற்றுப்பயணத்துக்குப் பெரும் தொகை பேசி வந்தவர்களும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

சரி, முதல் கேள்வி. வாட்டர்ஸ் இல்லாவிட்டால் பிங்க் ஃப்ளாய்ட் இல்லை என்றால், சிட் பாரெட் இல்லாத பிங்க் ஃப்ளாய்டை என்னவென்பீர்கள்? யூஎஃப்ஓ என்ற இரவு விடுதியில் சுவர் முழுக்க வண்ண ஒளி வழிய வாசித்து லண்டனையே திரும்பிப் பார்க்கவைத்த காலத்தில் குழுவின் பாட்டு, கிடார், முகம் எல்லாம் அவர்தான். 1967இல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. எல்எஸ்டி போதை மருந்தும் மனநிலைக் குலைவுமாக அவரால் மேடையில் நிற்கவே முடியாமல் போய், 1968 ஏப்ரலில் விலக்கப்பட்டார். அன்றைக்கு வாட்டர்ஸ் உட்பட யாரும் பெயரைக் கைவிடவில்லையே! அதே பெயரில்தான் 1973இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் வந்தது. 1985 கடைசியில் தான் விலகியதும் பெயரும் தன்னோடு முடிந்துவிட வேண்டும் என்று வாட்டர்ஸ் கோர்ட்டுக்குப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வாட்டர்ஸ்–கில்மர் பட்டிமன்றத்தில் எல்லோரும் மறப்பது கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டை. 'எக்கோஸ்' பாடல் தொடங்கும்போது சொட்டுச் சொட்டாக விழுமே ஒற்றை ஸ்வரம், அது அவருடைய பியானோ. 'அஸ் அண்ட் தெம்' பாடலின் மெட்டும் அவருடையதுதான். அப்பேர்ப்பட்டவரை 1979இல் 'தி வால்' பதிவு நடக்கும்போதே வாட்டர்ஸ் பிடிவாதம் பிடித்து வெளியேற்றினார், கில்மரும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் அதைத் தடுக்கவில்லை. அப்புறம் அந்த ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளுக்கு அவரையே சம்பளத்துக்கு வாசிக்கவைத்தார்கள்! சொந்தக் குழுவில் கூலிக்கு வாசிப்பது எப்பேர்ப்பட்ட அவமானம். கில்மரோடும் நிக் மேசனோடும் சேர்ந்து போடப்பட்ட 1994 ஆல்பத்தில்தான் முழு உறுப்பினராகத் திரும்ப வந்தார்.

அதனால்தான் ஹைட் பார்க்கின் அந்த நான்கு பாடல்கள் எனக்கு முக்கியம். 24 வருஷத்துக்குப் பிறகு வாட்டர்ஸ், கில்மர், மேசன், ரைட் நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள், வாட்டர்ஸ் பாரெட்டின் பெயரை மைக்கிலேயே சொன்னார். பாரெட் 2006இலும் ரைட் 2008இலும் போய்விட்டார்கள். 2011இல் வாட்டர்ஸின் லண்டன் கச்சேரியில் கில்மரும் மேசனும் வந்து வாசித்தார்கள், அந்த வீடியோவைப் பாருங்கள், அருமையாகவே இருக்கும். ஆனால் ரைட் இல்லாத அந்த மேடையை பிங்க் ஃப்ளாய்ட் என்று நான் சொல்லமாட்டேன்.