உட்கார்ந்த இடத்தில் சம்பளம், ஆனால் தூக்கம் போச்சு

கேள்வி: வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்காக வீடியோக்களைப் பார்த்து, ஆபாசமா, வன்முறையா என்று குறித்துக் கொடுக்கிறேன். சில மாதங்களாகத் தூக்கமில்லை. கணவர் தோளைத் தொட்டாலே திடுக்கிடுகிறது. "உட்கார்ந்த இடத்தில் சம்பளம், இதில் என்ன அலுப்பு?" என்கிறார் மாமியார். வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு மனத்திடம் போதவில்லையா? வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சகோதரி. நாள் முழுக்க வன்கொடுமைக் காட்சிகளைப் பார்ப்பவர் யாருக்கும் தூக்கம் கெடலாம், உடம்பு திடுக்கிடலாம், மனம் மரத்துப்போகலாம். அமெரிக்காவில் இதே வேலை பார்த்தவர்கள் வழக்குத் தொடர்ந்ததில், ஃபேஸ்புக் 2020-இல் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அலுவலகம், மின்சாரம், மனநல ஆலோசகர் என்று நிறுவனம் செலவழிக்க வேண்டியதையெல்லாம் உங்கள் வீடு சுமக்கிறது. 'பெண்களுக்கு வசதியான வேலை' என்ற பேச்சு இந்தச் செலவை மறைக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது: ஒலியை அணைத்து, வீடியோவைச் சிறிய கட்டத்தில், கறுப்பு வெள்ளையில் பாருங்கள். அலறலும் ரத்தத்தின் நிறமும் முகமும்தான் மனதில் ஒட்டிக்கொள்பவை. நிறுவனத்தின் மென்பொருளில் வசதி இல்லையென்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் 'அக்ஸசிபிலிட்டி', அதில் 'கலர் ஃபில்டர்ஸ்', அதில் 'கிரேஸ்கேல்'. பலர் இதைத் தொடங்கி ஒரே வாரத்தில் கைவிடுவார்கள். வேகம் குறையும், துல்லிய மதிப்பெண் இறங்கும், திட்டு விழும். அதனால் இலக்கைத் தளர்த்தும்படி முதலிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். வன்கொடுமை வீடியோக்கள் வரும் வரிசையிலிருந்து, ஸ்பாம் (வேண்டாத விளம்பரங்கள்) அல்லது பொருள்களின் படங்களைக் குறிக்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லியும் எழுதுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கையெழுத்தைக் கண்டு மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். எந்த நிறுவனம், எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை. "தினமும் வன்கொடுமைக் காட்சி பார்க்கும் வேலை" என்றாலே அவருக்குப் போதும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரின் சீட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பின்னால் விடுப்போ இழப்பீடோ கேட்க அதுதான் ஆதாரம்.

சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஊழியருக்கு இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. 'ஃப்ரீலான்சர்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டையும் தட்டிக்கழிப்பார்கள். அப்படியிருந்தால் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

கணினி படுக்கையறையில் இருந்தால் வெளியே கொண்டுவாருங்கள். இரவு வேலையின் கடைசி மணி நேரத்தில் மோசமான வரிசையைத் தொடாதீர்கள்.

பிரிவை மாற்றி ஒரு மாதமாகியும் தூக்கம் திரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். மாற்றவே மறுத்தால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே 14416-ஐ அழையுங்கள். கணவரிடம் இன்றிரவே சொல்லுங்கள்: திடுக்கிடுவது அவர் தொடுவதால் அல்ல, பகலில் பார்த்ததால். பின்னாலிருந்து தொடாமல், முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.