உளி தீட்டக் கற்றபின் மிஷின் வாங்கலாம்

கேள்வி: ஐ.டி. வேலையை விட்டுவிட்டு புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். வயது 36. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய மரச்சாமான்களைக் கைக்கருவிகளை வைத்து நானே செய்யக் கற்க வேண்டும். 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என்ன வாங்கலாம், எந்த மரத்தில் தொடங்கலாம்? முதல் வேலையாக ஒரு கயிற்றுக் கட்டில் செய்யலாமா?

பதில்: அந்தப் பணத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கட்டும். கால், அரை, ஒரு அங்குலம் என மூன்று உளி, ஒரு ரம்பம், மரத்தைச் சீவிச் சமமாக்க ஒரு இழைப்புளி, மூலைமட்டம், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் சன்னமுமான தீட்டுக்கல், இவ்வளவு இருந்தால் ஆறு மாதத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது. உங்கள் ஊர்ப் பக்கம் கொல்லுப்பட்டறை இன்னும் ஓடுகிறது என்றால் உளியை அங்கேயே அடித்து வாங்குங்கள், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்து பதம் ஏற்றிய உளி நன்றாக உழைக்கும். உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியைக் கடையில் வாங்காதீர்கள். வைரம் பாய்ந்த புளியங்கட்டை ஒன்றை எடுத்து நீங்களே செய்யுங்கள், அதுதான் முதல் பாடம்.

ஆனால் அதற்கும் முன்னால் தீட்டப் பழக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம் மழுங்கிய உளிதான். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளுவார்கள், அது வழுக்கிக் கையில் ஏறும், அத்தோடு ஆசையும் போய்விடும். கடையிலிருந்து வரும் உளி தீட்டாத உளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதன் தட்டையான முதுகுப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து, முனையை ஒட்டிய ஒரு அங்குலம் கண்ணாடி மாதிரி மின்னும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவான பக்கத்தை 25 முதல் 30 டிகிரி சாய்வில் வைத்து, மணிக்கட்டு ஆடாமல் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் விரலை முனையின் வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். முனை முழுக்க அது தட்டுப்பட்டால் கூர் வந்துவிட்டது. கல்லின் சன்னப் பக்கத்தில் உளியின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கட்டையின் தலைமுனையில், அதாவது நாரை வெட்டும் பக்கத்தில், மெல்லச் சீவிப் பாருங்கள். மாவாகக் கொட்டாமல் ஏடாக வர வேண்டும். இரண்டாவது கை எப்போதும் உளியின் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இதில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

மர இழைப்புளியில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் வெட்டும் தகட்டின் தலையில் தட்டினால் தகடு இறங்கும், இழைப்புளிக் கட்டையின் பின்பக்கம் தட்டினால் ஏறும். எவ்வளவு தட்டுவது என்பது வீடியோ பார்த்து வருவதில்லை. அதனால் பக்கத்தில் ஒரு ஆசாரியிடம் போய், "ஐயா, ரெண்டு மாசம் கூடமாட நின்னு வேலை பழகிக்கிறேன்" என்று கேளுங்கள். கட்டை பிடிக்கச் சொல்வார், தூசி கூட்டச் சொல்வார், செய்யுங்கள். முறையாகப் படிக்க வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.களில் ஒரு வருட தச்சுப் பயிற்சி இருக்கிறது.

மரத்துக்கு வருவோம். பச்சை மரத்தில் கை வைக்காதீர்கள். நான் தொடக்கத்தில் அவசரப்பட்டு மாம்பலகையில் பெட்டி செய்தேன், சித்திரை வெயிலில் மூடி இரண்டாகப் பிளந்தது. காய்கிற மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். பலகையை நிழலில், இடையில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், கொடுத்து அடுக்கி, தலைமுனைகளில் பெயின்ட் பூசிக் காயவிடுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் உங்களுக்குக் காரைக்குடி பக்கம்தானே, பழைய வீடு இடித்த மரம் அங்கே கிடைக்கும். பல வருடம் காய்ந்த மரம். ஆனால் ஒரு காந்தத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள், உள்ளே ஒடிந்து நிற்கும் ஒரு ஆணி போதும் இழைப்புளித் தகட்டைப் பல் பல்லாக்கிவிடும். புதிதாக வாங்குவதானால் பூவரசும் வேம்பும் நல்லவை. மண்வெட்டிக் காம்புக்குக் கருவேலம்.

கொட்டாப்புளிக்கு அடுத்து ஒரு மணை செய்யுங்கள். ஒரே பலகை, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம், பார்க்கச் சின்ன வேலை. ஆனால் இழைத்துச் சமமாக்குவது, மட்டம் பிடிப்பது, காடி எடுப்பது, அதாவது பள்ளம் வெட்டுவது எல்லாமே இதில் வந்துவிடும். சட்டத்தைப் பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள். புறாவால் மாதிரி உள்ளே அகன்ற காடி எடுத்து, அதில் சட்டத்தைத் தள்ளிச் செருகுங்கள். பலகை சுருங்கினாலும் விரிந்தாலும் நகர இடம் இருக்கும், வெடிக்காது.

சரி, கட்டில். முதல் வேலையாக வேண்டாம், மணைக்கு அப்புறம் தாராளமாகச் செய்யலாம். நாலு கால், நாலு சட்டம் என்றால் எட்டுக் கழுந்து, அதாவது துளையில் இறங்கும் சட்ட முனை, எட்டுத் துளை. ஒவ்வொரு காலிலும் இரண்டு துளை உள்ளே சந்திக்கும் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்துக் கோடு போட வேண்டும். கயிற்றின் இழுவை முழுக்க அந்த மூட்டுகளில்தான் விழும், கழுந்து தளர்ந்திருந்தால் கட்டில் கோணிக்கொள்ளும். வேண்டாத கட்டையில் எட்டுத் துளை போட்டுப் பழகுங்கள். கழுந்து கையால் தள்ளினால் பாதி போய், மீதி கொட்டாப்புளியின் இரண்டு மூன்று தட்டில் இறங்க வேண்டும். அப்படி இறங்கத் தொடங்கியதும் கட்டில் மரத்தை வாங்கி வாருங்கள்.