கப்பலில் ஒரு ரைஸ் குக்கர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். சேலம் சூரமங்கலத்தில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். எனக்கு வயது 61, என் மனைவிக்கு 58. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன் என்ற உரிமையில், மலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியைக் கேட்கிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு சென்னையிலிருந்து இரண்டு இரவுக் கப்பல் பயணம் ஒன்று போய்வந்தோம். சன்னல் இல்லாத உள்ளறைதான், ஆனாலும் கடல் என்னைப் பிடித்துக்கொண்டது. இனி ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் பயணத்துக்கென்று ஒதுக்க முடியும். அதில் ஆண்டுதோறும் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மலிவு அறையில் மூன்று இரவுகள் போய்வரலாம். அல்லது ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்து, சேரும் 9 இலட்சத்தில், 600 பேர் மட்டுமே போகும் சொகுசுக் கப்பலில், பால்கனி வைத்த அறையில், மத்தியதரைக் கடலை ஒரு வாரம் சுற்றலாம். மலிவுக் கப்பல் நம் ஏற்காட்டைப் போல 'ஏழைகளின் ஊட்டி', எத்தனை முறை போனாலும் அது ஊட்டி ஆகாது என்கிறார் என் நண்பர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சென்னைக்கு வரும் கப்பல் முப்பது ஆண்டைக் கடந்த பழைய கப்பல் என்றும் சொல்கிறார்கள். எனக்குத் தலைசுற்றலும் கொஞ்சம் உண்டு.

என் மனைவியோ சென்ற முறை ஒரு நிகழ்ச்சிக்கும் வராமல், மேல்தளத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். கொடுத்த பணத்தில் பாதி அங்கேயே வீணானது. சாப்பாடும் இரண்டு வேளைக்கு மேல் எனக்கு ஒத்துவரவில்லை. அடுத்த முறை சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போனால் அவர் அறையிலேயே சமாளித்துவிடுவார். இரண்டு வழியில் எது கொடுக்கிற பணத்துக்குக் கூடுதல் மதிப்புத் தரும்?

அன்புடன்,
கே. ஆர்.

அன்புள்ள கே. ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தேன். மார்ச்சில் பெய்த முதல் நல்ல மழைக்கு ஒன்பதாம் நாள் அது. தோட்டங்களில் காப்பி பூத்திருந்தது. அந்த மணம் புடவையை விட்டுப் போகாத நேரத்தில் 'ஏழைகளின் ஊட்டி' என்ற சொல்லைப் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கவலைகளை முதலில் தள்ளிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் பழைய கப்பல் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்றால், அது 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டு, மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நான்கு இரவுப் பயணங்கள் போய்க்கொண்டிருந்த கப்பல். 2022 ஜூனில் சென்னைக்கு வந்தபோதும் அதே வேலையைத்தான் செய்தது. இரும்புத்தாது கொண்ட கஞ்சமலையும் இரும்பாலையும் இருக்கிற ஊர்க்காரர் முப்பது ஆண்டு இரும்பைப் பார்த்துப் பயப்படுவது நன்றாக இல்லை. தலைசுற்றலுக்கு, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையாகப் பார்த்துக் கேளுங்கள். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தின் கடைசி இருக்கைக்காரர்தான் முதலில் சன்னலைத் தேடுவார் அல்லவா, அதுபோலக் கப்பலிலும் ஓரங்களும் உயரங்களும்தான் அதிகம் ஆடும். விலை குறைந்த அறை இந்த ஒரு விஷயத்தில் விலை கூடிய அறையை வென்றுவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வங்கக் கடல் பக்கம் போகாதீர்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் கட்டணம் மலிவுக் கப்பலில் ஒருபோதும் முழுக் கட்டணம் அல்ல. துறைமுகக் கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் சேரும் பணியாளர் அன்பளிப்பு, பானங்கள், இணையம், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். சீபோர்ன், சில்வர்சீ போன்ற நிறுவனங்களின் சிறு கப்பல்களில் அன்பளிப்பும் பானங்களும் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான தூரம் நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் மத்தியதரைக் கடலுக்கு விமானமும் ஷெங்கன் விசாவும் வேண்டும், சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஓர் இரவு தூங்கினால் போதும். கடலுக்குப் போகிறவரைக்கூட மலையின் பெயர்தான் சுமந்துகொண்டு போகிறது என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த நண்பருக்கு வருகிறேன். ஏற்காடு 1,515 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். எழுநூறு மீட்டர் குறைந்ததில் ஏழ்மை எங்கிருந்து வந்தது? சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததும், கோயம்புத்தூர் ஆட்சியர் சல்லிவன் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கியதும் ஒரே பத்தாண்டில், 1820களில்தான். ஒன்று மற்றொன்றின் மலிவுப் பதிப்பாக உருவாகவில்லை. பேருந்துச் செலவு குறைவு, காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்பதற்காகவே ஒரு மலைக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள். எளிதாகக் கிடைப்பது தாழ்ந்தது என்று நினைக்கிற புத்திதான் இந்தப் பெயரில் இருக்கிறது. அதை நம் ஊர்க்காரர்களே பெருமையோடு சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

காப்பிப் பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முன்னால் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும், பெய்து ஒன்பது பத்து நாள் ஆக வேண்டும். அப்போது ஒரு விடியலில் தோட்டம் முழுதும் கிளைக்குக் கிளை தும்பைப்பூவைக் கொட்டி வைத்ததுபோல வெளுத்துவிடும். மல்லிகையின் சாயலோடு ஒரு மணம் பாதைவரை வந்து நிற்கும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்பாகிவிடும். எந்த விடுதி மேலாளரும் இந்த நாளை உங்களுக்கு முன்பதிவு செய்து தர முடியாது. மே மாதத்துக் கோடை விழாவுக்கு வந்து, ஏரியில் படகுக்கு வரிசையில் நின்று, லேடீஸ் சீட்டில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு எத்தனை பெரிய அறை எடுத்தாலும் அது கிடைக்காது. போய்க்கொண்டே இருப்பவருக்கு, ஏதோ ஓர் ஆண்டில், கேட்காமலே கிடைக்கும். கடலும் அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் பயணத்தில் மனிதர்கள் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுக்கிறார்கள், இரண்டாவதில் கப்பலைச் சுற்றிப் பார்க்கிறார்கள், மூன்றாவதில்தான் எந்த மூலையில் காற்று அறையாது என்று தெரிந்துகொண்டு கடலைப் பார்க்க உட்காருகிறார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி, ஆண்டுதோறும் போங்கள் என்று முடித்திருப்பேன். பல ஆண்டுகளாக இப்படித்தான் பேசியும் வந்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த நாற்காலி இருக்கிறது.

என் அப்பா அம்மாபேட்டையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப்போவார். பாட்டி, அத்தை உட்பட ஒன்பது பேர், முதல் பேருந்து. ஊட்டிக்குப் போனது ஒரே ஒருமுறை, 1976இல். பஞ்சப்படி நிலுவை மொத்தமாக வந்திருந்தது, வாழ்க்கையில் ஒருதரமாவது துரைகளைப் போலத் தங்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரிய விடுதி ஒன்றில் நாளுக்கு 72 ரூபாய் அறை, மூன்று நாள். அறைக்குள் நுழைந்ததும் அப்பா வகுத்துவிட்டார், மணிக்கு மூன்று ரூபாய். வெளியே விடாத மழை. கட்டிலில் ஏறினால் விரிப்பு கசங்கும் என்று எங்களுக்கு அதட்டல். சுவர்க்கடிகாரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் "மூணு ரூபாய் போச்சு" என்று முனகுவார். தூங்குவதற்குக்கூட அவருக்கு மனம் வரவில்லை. சொகுசுப் பயணத்தைக் கிண்டல் செய்ய வேண்டிய இடங்களில் எல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் எண்பத்து நான்காம் வயதில், ஒரு கட்டுரைக்கு வேண்டி அவளிடம் கேட்டேன், சின்ன வயதில் நாம் போனதிலே உனக்குப் பிடித்தது எது என்று. ஏற்காடு என்று சொல்வாள் என எழுதியே வைத்துவிட்டேன். "எனக்கு ஊட்டிதான் கண்ணு" என்றாள். "அங்கதான் மூணு நாளு சும்மா உக்காந்திருந்தேன். மூணாம் நாள் மத்தியானம் மணியடிச்சு ஒரு காப்பி கேட்டேன். கொண்டாந்து குடுத்தான். குடிச்ச டம்ளரையும் அவனே எடுத்துட்டுப் போயிட்டான்."

பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஞாயிறுகளில் மூன்றரை மணிக்கு எழுந்து ஒன்பது பேருக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து தூக்குகளில் அடைத்திருக்கிறாள். மேலே போனதும் பரிமாறியிருக்கிறாள். நாங்கள் படகில் ஏறிப் போக, ஏரிக்கரையில் எங்கள் செருப்புகளுக்கும் பாத்திரங்களுக்கும் காவல் இருந்திருக்கிறாள். இரவு வீடு திரும்பி நாங்கள் தூங்கிய பின் அத்தனை தூக்குகளையும் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். நூறு முறைக்கு மேல் மலை ஏறிய அம்மா அந்த ஏரியில் ஒருமுறைகூடப் படகில் போனதில்லை. காப்பிப் பூவைப் பார்த்திருக்கிறாயா என்றேன். "வாசம் தெரியும், பாத்ததில்ல, இலை தொடச்சிக்கிட்டிருந்திருப்பேன்" என்றாள். அடிக்கடி போனால் கிடைக்கும் என்று நான் மேலே எழுதிய நீண்ட பத்தியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அது எனக்குக் கிடைத்தது. என்னோடு அத்தனை முறையும் வந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேறு யாரோ சமைத்து, வேறு யாரோ கழுவி வைக்கிற ஓர் இடத்துக்கு உங்கள் மனைவியை வாழ்நாளில் முதல்முறையாக அழைத்துப்போயிருக்கிறீர்கள். அவர் ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தார். அதை நீங்கள் வீண் என்று கணக்கில் எழுதிவிட்டு, அடுத்த முறை அங்கேயும் அவர் கையில் ஒரு குக்கரைக் கொடுக்கத் திட்டம் போடுகிறீர்கள். உங்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஒத்துவரவில்லை என்றால் மூன்றாம் வேளை தயிர்சாதம் சாப்பிடுங்கள், இந்தியப் பயணிகள் ஏறும் கப்பல்களில் அதற்குப் பஞ்சம் இருக்காது. நல்லவேளையாகக் கப்பல்காரர்கள் உங்களைவிட விவரமானவர்கள். தீ விபத்துக்குப் பயந்து ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி என்று சூடாகும் எதையும் அறைக்குள் விடுவதில்லை. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள்.

கணக்குதான் வேண்டும் என்றால் இப்படிப் போடுங்கள். சொகுசுக் கப்பலில், ஆறு ஆண்டு கழித்து, அவருடைய அறுபத்து நான்காம் வயதில், ஏழு இரவுகள் நாற்காலி. மலிவுக் கப்பலில், இந்த ஆண்டிலிருந்தே, ஆறு ஆண்டில் பதினெட்டு இரவுகள் நாற்காலி. என் மனம் பதினெட்டின் பக்கம் சாய்கிறது. ஆனால் மலிவுக் கப்பலின் மேல்தளத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சினிமாப் பாட்டுப் போடுவார்கள், பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடுவார்கள். தனக்கென்று ஒரு பால்கனியும் அதில் ஒரு நாற்காலியும் கிடைக்குமானால் ஆறு ஆண்டு காத்திருப்பேன் என்று அவர் சொல்லக்கூடும். அல்லது கடலே வேண்டாம், சூரமங்கலத்து வீட்டிலேயே மூன்று நாள் நீங்கள் சமையுங்கள் என்றும் சொல்லக்கூடும். அவரைக் கேட்காமல் நான் போடுகிற இந்தக் கணக்கும் என் அப்பாவின் மூன்று ரூபாய்க் கணக்குதான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும், அவர் பெயரிலேயே வரட்டும். இரண்டு நாளும் அந்தத் தளத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், காலை வெயில் அங்கே எத்தனை மணிக்கு வந்தது, கடல் என்ன நிறத்தில் இருந்தது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைக் கேட்க வேண்டும்.

அன்புடன்